அக்கரை டவர்

தெசலோனிக்கி,
5 நவம்பர் 2018

அன்புத் தம்பி ஸ்தமாத்திஸுக்கு,

காலில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். கோல் ஊன்றி நடக்கிறேன். என் பெயரில் வாங்கித் தந்த உன் போனைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். அக்டோபர் பில் இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ. ரோமிங், அல்பேனியா. அதில் ஓர் அழைப்பு மட்டும் பதினேழு நிமிடம்.

அப்பா கண் மூடிய மாதத்தில் உனக்கு அக்கரையில் என்ன வேலை? அவரை மண்ணில் வைத்த கையோடு கப்பலேறினாயா? எவளோடு பதினேழு நிமிடம் பேசினாய்?

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் உறவை முறித்திருப்பேன். நான் படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி வாரம், தீவின் நகர ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் இருந்தவன் நீ. அவர் பேச்சை மீறி நான் கல்யாணம் செய்துகொண்டு பத்தொன்பது வருடம். நீ அவர் காதில் போனை வைத்தாய், நான் மன்னிப்புக் கேட்டேன். "அப்பா தலையாட்டுறாருக்கா" என்றாய். அந்த ஒரு தலையாட்டலுக்காக உன்னைப் பொறுத்துக்கொள்கிறேன்.

உண்மையை எழுது.

உன் அக்கா,
அக்லாயா

கஸ்ஸியோப்பி, கோர்ஃபு,
9 நவம்பர் 2018

அக்காவுக்கு,

ஆலிவ் உதிர்க்க ஆள் கிடைக்காமல் நான் அல்லாடுகிறேன். நீ அங்கிருந்தே விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிறாய்.

நான் தீவை விட்டு நகரவே இல்லை. நீ ஊரை விட்டுப் போனபோது இங்கே எவன் கையில் செல்போன் இருந்தது? நம் படகுத்துறையில் நின்றால் நம்ம டவர் மலைக்குப் பின்னால், அல்பேனியா டவர் கடலுக்கு நேர் எதிரே. போன் தானாக அக்கரைக்குத் தாவிவிடும். ஐரோப்பிய நாடுகளுக்குள் ரோமிங் இலவசம், அல்பேனியா அந்தக் கணக்கில் சேராது. நாம் கூப்பிட்டால்தான் என்றில்லை, வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. பாதிரியாருக்கே இப்படி பில் வந்தது. "சொந்தத் திண்ணையில நின்னு ஹலோ சொன்னா வெளிநாட்டுக் காசு பிடுங்குறான்டா" என்று காபிக்கடையில் புலம்பினார். நகரத்தில் இந்தத் தொல்லை கிடையாது, நம் துறைப் பக்கம் மட்டும்தான். கம்பெனிக்காரனைக் கேட்டுப் பார்.

என்னைப் பழித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுது. அப்பாவின் நாற்பதாம் நாள் பூசையை அதற்கு முந்தின ஞாயிறு, பதினெட்டாம் தேதியே வைத்திருக்கிறோம். பூசையில் படைக்கிற கோதுமையை வேகவைக்க நீ வரவேண்டும்.

ஸ்தமாத்திஸ்

தெசலோனிக்கி,
13 நவம்பர் 2018

ஸ்தமாத்திஸ்,

ரோமிங் எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. நீ அல்பேனியா போகவில்லை.

உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பில்லை மறுபடி பார்த்தேன். அக்டோபர் எட்டு முதல் பதின்மூன்று வரை ஆறு அழைப்புகள். ஆறும் உனக்கு வந்தவை, மாலை ஏழு மணிக்கு. அது அந்தக் கடைசி வாரம் நான் தினமும் உன்னைக் கூப்பிட்ட நேரம். அந்தப் பதினேழு நிமிடம், நான் அப்பாவிடம் பேசியது.

ஆஸ்பத்திரியிலிருந்து நம் துறைக்கு ஒரு மணி நேரப் பயணம். ஆறு மாலையும் நீ துறையில் நின்றிருக்கிறாய். "இன்னைக்கு சூப் குடிச்சாரு", "இப்பத்தான் தூங்குறாரு" என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அப்பா அங்கே தனியாகக் கிடந்தார். சாவைப் பார்க்கப் பயந்தாயோ என்னவோ. அதைச் சொல்லியிருந்தால் கட்டுப்போட்ட காலோடு தவழ்ந்தாவது நான் வந்திருப்பேன்.

"காதுல வெச்சிட்டேன், பேசுக்கா" என்றாய். பேசினேன், அழுதேன். போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்பாவின் மூச்சு என்று நம்பி ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பில்லைக் கட்டி, உன் எண்ணை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டேன். கோதுமையை இங்கேயே வேகவைத்துக்கொள்கிறேன்.

அன்று தலையாட்டியது நீ. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்லாயா