எந்தக் கேபினெட் என்று மாமா கேட்டால்

செடெனாக்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி கவினுக்கு,

அக்கா வாசுகி எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. முக்கால் நலம் என்று வைத்துக்கொள். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாமே, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று யோசிப்பாய். உன்னோடு பேசப் போனை எடுத்தாலே உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவரைப் பற்றி அவர் முன்னால் எப்படிப் பேசுவது?

உன் மருமகள் லோஷினிக்கு எஸ்பிஎம் பரீட்சை நெருங்கிவிட்டது. படிக்கிறாள், வாய் மட்டும் என்னைப் போல. போன வார மழையில் சமையலறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துத் துடைத்து இடுப்பு விட்டுப்போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பினாயே, அந்தக் கிட்டார் பெட்டி. கிட்டாரை அதில் சொருகினால் போதும், உலகத்து ஆம்ப்ளிஃபையரெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் எந்த ஸ்பீக்கர் கேபினெட் ஒத்துப்போகும் என்று திரையில் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டுமாம், அந்தக் கேபினெட்டும் திரையில் மட்டும்தான். நம் வீட்டில் கல்யாணப் பொருத்தம்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதலில் நீ அமைத்துக் கொடுத்த நாலு ஸ்பீக்கர் கேபினெட் நன்றாகத்தான் இருந்தது. கம்பளி போர்த்துன மாதிரி இருக்கு லா என்று அதை மாற்றினார். அப்புறம் இரண்டு ஸ்பீக்கர், அப்புறம் ஒற்றை ஸ்பீக்கர். திரையில் இருக்கும் மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நகர்த்தினார். அதற்கு மேல் டிரெபிள் என்கிற கீச்சுச் சத்தத்தையும் ஏற்றினார். இப்போது வாசித்தால் தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருக்கிறது. லோஷினி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவரோ இன்னும் கொஞ்சம் தெளிவு வேணும் என்கிறார்.

கேபினெட்டில் குறையே இல்லை தம்பி. அவர் காது போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் திரும்புவதில்லை. இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் இத்தனை வருடம், காதில் வைக்கக் கொடுத்த பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்த மகராசன்! நான் வேலை செய்யும் கிளினிக்கின் டாக்டரம்மா அழைத்து வரச் சொன்னார். இவரிடம் சொன்னேன். காது கேட்காதவன் கிட்டார் வாசிப்பானா, உனக்கு ஸ்பீக்கரைப் பத்தி என்ன தெரியும் என்று பாய்ந்தார். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

அவர் வாசிக்கும் இசைக்குழுவில் எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள்தான் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்களே. சவுண்ட் பார்க்கும் வசந்தன், இவருடைய டிரெபிளை மட்டும் மிக்ஸரில் சத்தமில்லாமல் இறக்கிவிடுவானாம். தங்காக்கில் நடந்த கல்யாண விருந்தில் அப்படித்தான் சமாளித்தார்கள். கேட்டவர்கள் பாராட்ட, தன் கேபினெட்தான் காரணம் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். போன மாதம் யோங் பெங்கில் நடந்த விருந்தில் வசந்தனுக்குப் பதில் வேறு ஆள். முதல் பாட்டிலேயே முன்மேசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாடிக்கொண்டிருந்த ஷர்மினி பாதியில் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அலமாக், மண்டபமே சரியில்ல என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

நேற்று கீபோர்ட் வாசிக்கும் ஐயாசாமி அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். மருந்துக்கு என்று நினைத்தேன். உன் மாமாவுக்குப் பதில் இனிமேல் வாசிக்க வேறு கிட்டார்காரரைப் பேசிவிட்டார்களாம். காளிதாஸ்கிட்ட ஷோ ஒன்னும் வரலன்னு சொல்லிடுறோம், நீயும் காட்டிக்காதம்மா என்றார். நல்ல மனசுதான். ஆனால் இந்த நல்ல மனசுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஏன் கூப்பிடவில்லை என்று தெரியாமலே இந்த மனுஷன் சனிக்கிழமைதோறும் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீயும் அதே ரகம்தான், கோபித்துக்கொள்ளாதே. அவர் வாசித்து அனுப்புவதையெல்லாம் கேட்கிறாய். உனக்குத் தெரியாமலா இருக்கும்? சூப்பர் மாமா, இதையும் போட்டுப் பாருங்க என்று வாராவாரம் போனிலேயே புதுக் கேபினெட் அனுப்புகிறாய். அது வந்ததும் டாக்டரிடம் போகிற பேச்சு இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. போன காது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், காதுக் கருவி வைத்துக்கொண்டால் வாசிக்கவும் செய்யலாம் என்கிறார் டாக்டரம்மா. அதற்கு முதலில் இவர் வர வேண்டுமே.

இனி ஒன்றும் அனுப்பாதே. அடுத்த தடவை எந்தக் கேபினெட் போடலாம் என்று அவர் கேட்டால், கேபினெட்ல ஒன்னுமில்ல மாமா, காதைக் காட்டுங்க என்று சொல்லிவிடு. நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு. இந்த விஷயத்தில் உன் பேச்சுதான் எடுபடும். கத்துவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பக்கம் திரும்பி, நெசமா வாசு என்று கேட்பார். ஆமாங்க என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையை முதலில் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

முருகன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். மாமா மனசு நோகுமே என்று நீ குரலை இறக்கிவிடாதே. சத்தமாகச் சொல்லு தம்பி. அவருக்குக் கேட்க வேண்டும்.

உன் வரவை எப்போதும் எதிர்பார்க்கும்
அக்கா வாசுகி