மகுடம் ஏந்தி நிற்பது குறித்து மைத்துனருக்கு

நலம் பெருகுக, நாடு செழிக்க. மலையை முறைத்தே மண்டியிடச் செய்தவரும், கரை கடவாதே என்று கடலுக்கு ஆணையிட்டு இன்றளவும் மீறப்படாதவரும், போருக்கே போகாமையால் புறமுதுகு அறியாதவருமாகிய வன்னிக்கோட்டத்து வேந்தர் கடம்பப் பேரரையர், தம் தங்கை நங்கைப்பிராட்டியின் கொழுநரும் நீர்முனை நாட்டு மன்னருமாகிய தென்னவேளுக்கு விடுக்கும் ஓலை. உம் ஆறுகள் நிறைக, உம் நெல் பழுதின்றி விளைக.

உலகில் அநீதியே இல்லாத நாடு ஒன்று உண்டென்றால் அது எம்முடையது. இது தற்புகழ்ச்சியன்று. எம் ஆட்சியில் இந்நாள்வரை ஒருவரும் முறையிட்டதில்லை என்பதே சான்று. முறையிட இடம் எதுவும் வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிற்க. உம் நாட்டில் முறைகேட்கும் குழு என்று ஒன்று இருக்கிறதாமே. ஊரார் தேர்ந்தனுப்பிய குயவரும் வணிகரும் மீன் விற்கும் பெண்டிரும் அமர்ந்திருக்க, அரசாள்வோர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டுமாம். தலையில் இருப்பது தலைப்பாகையோ மகுடமோ, அதைக் கழற்றிப் பதில் முடியும்வரை தம் கையிலேயே ஏந்தியிருக்க வேண்டுமாம், ஏவலரிடம் தரலாகாதாம். கையில் பாரம் இருந்தால் பேச்சு சுருங்கும் என்பது குழுவின் கணிப்பாம். கேட்டதும் யாம் சிரித்தோம். எம் அவையும் சிரித்தது. யாம் நிறுத்தியதும் நிறுத்தியது.

சென்ற மாரியில் ஓடத்துறையை மூடியது ஏன் என்று ஒரு மீன்காரி வினவ, நீர் மகுடத்தை மார்போடு அணைத்தபடி, தவறு நேர்ந்துவிட்டது, திறக்கச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டீராம். எமக்குக் கேட்கவே கூசியது. ஆனால் மறுநாள் அத்துறையூரார் உமக்குப் பலாப்பழம் சுமந்து வந்தார்களென்று எம் தங்கை எழுதியிருக்கிறாள். தாமாகவே வந்தார்களாம், இந்தச் சொல்லை மட்டும் சற்றுப் பெரிதாகக் கீறியிருக்கிறாள். எம் பவனிக்கு வீதியில் ஆள் நிறுத்தக் குதிரைப்படையில் பாதி தேவைப்படுகிறது. பலா எம் நாட்டிலும் காய்க்கிறது, ஒரு சுளைகூட வந்ததில்லை. பொறாமை என்று எண்ணிவிட வேண்டாம். பலாப்பழம் எமக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இனி, இவ்வோலைக்குக் காரணமான குற்றம். எம் குடியாகிய வெண்ணி, துணிக்குச் சாயம் தோய்ப்பவள், எல்லை தாண்டிப்போய் உம் குழுவின்முன் நின்றாள். பட்டத்து யானை தனியே நீராடுவதற்காக எம் அதிகாரி பல்லவரையர் ஊர்க்குளத்தை வேலியிட்டு அடைத்ததையும், அது எப்படித் தகும் என்று கேட்ட அவள் கணவன் சாத்தனைச் சிறையிலிட்டதையும், என்ன குற்றத்துக்காக என்று அவள் வினவியபோது, காரணம் வேறு வேண்டுமோ என்று அவர் நகைத்ததையும் சொன்னாளாம். உம் குழு அவளைத் துரத்தவில்லை. உட்காரவைத்து, மோர் கொடுத்துக் கேட்டது. எம் குடிக்கு உம் மோர்! பிறகு, அயல்நாட்டு அரசைக் கேள்வி கேட்கும் உரிமை தமக்கில்லை என்றும், ஆயினும் காரணம் சொல்லாமல் எவரையும் அடைக்கலாகாது, கேட்கும் குடிக்கு அரசன் பதில் சொல்லக் கடவன் என்று வன்னிக்கோட்டத்தை நிறுவியவர் கல்லில் வெட்டி அரண்மனை வாயிலில் நட்டிருப்பதாகக் கேள்வி என்றும், அங்கே போய்க் கேட்கும்படியும் சொல்லி அனுப்பியது.

அப்படியொரு கல்லே இல்லை என்று மறுப்பதற்காகவே இவ்வோலையைத் தொடங்கினோம். இதுவரை எழுதியதும், நேரில் பார்த்துவிட்டே மறுப்போம் என்று வாயிலுக்குப் போனோம். பட்டத்து யானையைக் கட்டிவைக்கிற கல் ஒன்று அங்கே உண்டு. யானையை நகர்த்தி, கல்லைக் கழுவச் சொன்னோம். எழுத்து இருந்தது. அடியில் எம் பாட்டனார் பெயரும் இருந்தது.

வெண்ணி வாயிலிலேயே காத்திருந்திருக்கிறாள். காவலர் தடுக்கத் தடுக்க முன்னே வந்து, "சாமி, கல்ல படிச்சாச்சுல்ல? எம் புருசன் செஞ்ச குத்தம் என்னன்னு சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்" என்றாள். யாம் பல்லவரையரைப் பார்த்தோம். பல்லவரையர் யானையைப் பார்த்தார். யானை யாரையும் பார்க்கவில்லை.

ஆகவே யாம் பணிப்பதாவது: உம் குழு இனி எம் குடிகளுக்கு மோர் வார்க்கலாகாது; எம் அரண்மனையிலும் மோர் உண்டு. குழுவின் விதிகள் அனைத்தையும் படியெடுத்து அனுப்புக. முறைப்படி இகழ்வதற்கு அவை வேண்டியிருக்கின்றன. பதில் நீண்டுபோனால் மகுடத்தைக் கை மாற்றலாமா என்பதை மட்டும் இத்தூதனிடமே சொல்லியனுப்புக. தாமதிக்க வேண்டாம்.

யாம் சொல்லச் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. இலச்சினை எம் கையால் இட்டது. அது கோணலாக விழுந்திருந்தால் பொறுத்தருள்க. சாத்தனை அழைத்துவரச் சிறைக்கு ஆள் போயிருக்கிறது. குளத்தைப் பற்றிய கேள்வி இன்னும் பாக்கி. வெண்ணி எதிரே அமர்ந்திருக்கிறாள், ஒற்றைக் கைதான் எமக்கு ஒழிந்திருக்கிறது.