காற்றிலும் எண்ணெய்

ஜோஹன்னஸ்பர்க்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள ருக்கியா,

ஸலாம். மழைக்காலம் வந்தால் உனக்கு இருமல் பிடித்துக்கொள்ளுமே, இந்த வருஷமாவது விட்டதா? நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கும் ஒரு குறையும் இல்லை, மகளைப் பார்க்காத குறையைத் தவிர.

இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். உன்னிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவேன்?

துவைபு அண்ணன் எழுதியிருக்கிறார். என் அசியாத்துவுக்கு ஆறு வயதாகப் போகிறது, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லையாம். கரும்பலகையைக் காட்டினால் வேறு எங்கோ பார்க்கிறாளாம். வீட்டில் மாவுப் பாத்திரத்தைக் கவிழ்க்கிறாளாம். முற்றத்தில் கட்டியிருக்கும் ஆட்டின் மேலேயே போய் விழுகிறாளாம். "உன் சிநேகிதி பள்ளிக்கூடமா நடத்துறா? மண்ணு, கந்தல் துணி, தகர டப்பா, இதையெல்லாம் பிள்ளைங்க கையில குடுத்துட்டுக் கதை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா" என்று கேட்கிறார். ஹஜ் பெருநாள் முடிந்ததும் அவளை அண்ணியின் தங்கை வீட்டுக்கு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அனுப்பிவிடப் போகிறாராம். "படிப்பு ஏறாத பிள்ளைக்கு வேலையாவது தெரியட்டும்" என்கிறார்.

அவள் அப்பா இல்லாத பிள்ளை. நானோ இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. தாய்மாமன் ஒன்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது, உனக்குத் தெரியாததா?

மறைக்காமல் சொல், ருக்கியா. என் பிள்ளை மந்தமா?

உன்
ம்வாஜுமா


மங்கோச்சி
1 மார்ச் 1998

என் ம்வாஜுமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருமல் விடவில்லை. உன் கோபமும் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், தெரியுமா? கருவாட்டுக் கூடையோடு வாசலில் நின்றார். அன்றைக்கு மழை நாளில் கல்யாணத்துக்குக் கிளம்பும் ஒரு கோழியின் கதை நடந்துகொண்டிருந்தது. இறகு நனையாமல் போக வேண்டும், எதில் தொப்பி செய்யலாம்? பிள்ளைகள் காகிதத்திலும் துணியிலும் வாழையிலையிலும் பிளாஸ்டிக் பையிலும் தொப்பி செய்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைவிடத் தரைதான் அதிகம் நனைந்தது.

"ருக்கியா, மத்த பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க ஆ ஏ ஈ ஓ ஊ பாடுது. உன் பிள்ளைங்க கோழிக்குத் தொப்பி தைக்குது. கோழி கேட்டுச்சா உன்கிட்ட?"

"கோழி கேக்கலண்ணே. ஆனா எது நனையும், எது நனையாதுன்னு உங்க மருமகளைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவா."

"அது எனக்கே தெரியும்மா. அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள், உன் மகள் உட்பட.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு பையில் பல சாமான்களைப் போட்டுவைத்து, பார்க்காமல் கையை விட்டு, தொட்டதைச் சொல்லச் சொல்வேன். அதில் அசியாத்துவை ஜெயிக்க ஆளில்லை. மற்ற பிள்ளைகள் "கல்லு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் மட்டும், "இது காஞ்ச மண்ணு, தண்ணில போட்டா கரைஞ்சிடும். இது சுட்ட மண்ணு, கரையாது. இது செங்கல் சூளைல ஓரத்துல இருந்தது, பாதிதான் வெந்திருக்கு" என்பாள். நானே உடைத்துப் பார்த்துத்தான் நம்பினேன்.

அதே பிள்ளை, சுவரில் மாட்டிய படத்தில் யானையைக் காட்டு என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரியும் இல்லை, அவளைவிடப் பின்தங்கியவளும் இல்லை. எனக்கே புரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மனம் வரவில்லை. கொஞ்சம் பொறு. அனுப்ப வேண்டாம் என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுது.

உன்
ருக்கியா


ஜோஹன்னஸ்பர்க்
22 மார்ச் 1998

ருக்கியா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். என் மகள் எதிலோ ஜெயிக்கிறாள் என்று ஒருத்தி எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆனாலும் பையில் கையை விட்டுச் சொல்வதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் போடுவார்கள்? நாளைக்கு ஒன்றாம் வகுப்பில் போய் மற்ற பிள்ளைகள் சிரிக்க நிற்பதைவிட, ஒரு வீட்டில் மரியாதையாக இருக்கட்டும். அண்ணன் இஷ்டப்படியே செய்யட்டும் என்று எழுதிவிட்டேன். நீ அவரோடு சண்டைக்குப் போகாதே. என் மேல் வருத்தம் வேண்டாம். வருத்தப்பட்டாலும் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே.

ம்வாஜுமா


மங்கோச்சி
4 ஏப்ரல் 1998

ம்வாஜுமா,

இதைத் தபாலில் போடாமல் ஜோஹன்னஸ்பர்க் வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கியவுடன் உட்கார்ந்து படி. பயப்படாதே.

பெருநாளுக்கு முன்னால் கடைசி வாரம். அசியாத்துவின் துணிமணியை மூட்டை கட்டியாகிவிட்டது. நான் சண்டைக்குப் போகவில்லை, நீ சொன்னபடியே. வியாழக்கிழமை அந்தக் கோழிக்கு வீடு கட்டினோம். அட்டைப்பெட்டி வீடு. அதற்கு ஒரு ஜன்னல். காற்று உள்ளே வரக்கூடாது, ஆனால் பருந்து வருகிறதா என்று கோழி பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு எதை வைக்கலாம்? தகரம், துணி, எண்ணெய் தடவிய காகிதம், ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டு. ஒவ்வொன்றாக வைத்து, பெட்டிக்குள் தலையை விட்டு, மாமரத்தடியில் கட்டியிருந்த ஆட்டைப் பார்க்க வேண்டும்.

தகரத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணியில் வெளிச்சம் மட்டும். எண்ணெய்க் காகிதத்தில் ஏதோ மங்கலாக அசைகிறது. கண்ணாடியில் ஆடு தெரிகிறது, தாடிகூடத் தெரிகிறது என்று கூத்தடித்தார்கள்.

அசியாத்துவின் முறை வந்தது. எண்ணெய்க் காகிதத்தில் பார்த்தாள், கண்ணாடியில் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான், "நல்லாப் பாரும்மா" என்றேன்.

"கண்ணாடியிலயும் எண்ணெய் இருக்கு டீச்சர். துடைங்க."

துடைத்தேன்.

"இன்னும் இருக்கு."

சரி என்று கண்ணாடியையே எடுத்துவிட்டேன். வெறும் ஓட்டை. "இப்பப் பாரு. இப்ப ஒண்ணுமே இல்ல."

பெட்டிக்குள்ளிருந்தே சொன்னாள்: "காத்துலயும் எண்ணெய் இருக்கு டீச்சர்."

ம்வாஜுமா, அவளைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே இழுத்தேன்.

பிறகு ஒரு தகர டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்று, "இது என்ன?" என்றேன். சொல்லிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தேன். வாசலுக்குப் போவதற்குள்ளேயே அவளுக்கு டப்பாவும் இல்லை, நானும் இல்லை. "எங்க போயிட்டீங்க டீச்சர்?" என்றாள். நான் அவளுக்கு நேர் எதிரில் நிற்கிறேன்!

எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு உன் அண்ணனிடம் ஓடினேன். சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தவர், "அப்ப நீ என்னடி சொல்ற, இவளுக்குக் கண்ணு தெரியலைங்கிறியா?" என்று கத்தினார். இரண்டடி தள்ளி நின்று கையை விரித்து, "மாமா எத்தனை விரல் காட்டுறேன், சொல்லு" என்றார். அவள் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். மனுஷன் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சுகாதார நிலையத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. பெரியவர்களுக்கு வருவதுதான், சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சின்னதாக இருந்து வளர வளரக் கூடுமாம். பிளான்டையர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணன் வாசலில் நின்று, "அவ அம்மா சம்மதம் எழுதட்டும். அது வரைக்கும் இவ எங்கயும் போகமாட்டா" என்றார். மூட்டையை அவரே அவிழ்த்தார்.

உன் பிள்ளை மந்தமில்லை. இப்போது நிச்சயமாக எழுதுகிறேன், மந்தமே இல்லை. டிரைவர் திரும்பும்போது பதிலைக் கொடுத்தனுப்பு.

ருக்கியா


ஜோஹன்னஸ்பர்க்
9 ஏப்ரல் 1998

ருக்கியா,

டிரைவர் வாசலில் நிற்கிறார். செய்யுங்கள். சம்மதம், சம்மதம், சம்மதம்.

கண்ணில் கத்தி என்று படித்ததும் ஓடிப்போய் லீவு கேட்டேன். முதலாளியம்மா ஜூலைக்கு முன்னால் விட மாட்டேன் என்கிறாள். என் இடத்தில் நீ இரு. கட்டுப் போட்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இருட்டில் அவள் பயப்படுவாள்.

ம்வாஜுமா


பிளான்டையர்
20 ஜூன் 1998

என் ம்வாஜுமாவுக்கு,

இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். முதலில் ஒரு கண், கொஞ்சம் ஆறியதும் அடுத்த கண். இரண்டும் நல்லபடியாக முடிந்தன. நேற்றுத்தான் தடிமனான கண்ணாடி போட்டுவிட்டார்கள். அது மூக்கில் நிற்காமல் நழுவுகிறது.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவள் பயப்படவே இல்லை. பயந்தது உன் அண்ணன்தான். அசியாத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அழாதீங்க, நர்ஸ் திட்டுவாங்க" என்றாள். மக்காச்சோளக் களியை உருட்டி உருட்டி அவரே ஊட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம், "என் மருமக செங்கல்லைத் தொட்டே வெந்ததா வேகலையான்னு சொல்லுவா" என்று பெருமை பேசியாகிவிட்டது. நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கண்ணாடி போட்டதும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர், உங்க மூஞ்சில இத்தனை புள்ளி இருக்கே, கழுவலையா?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மரத்தைக் காட்டி, "அதுல தனித்தனியா இலை இருக்கு!" என்று எல்லோரையும் கூப்பிட்டாள். மரம் என்றால் ஒரே பச்சைக் குவியல் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்.

தொலைவிலிருப்பது முழுக்கத் தெளிவாகத் தெரியாது, கண்ணாடியைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் சொன்னார். முன் வரிசையில் உட்கார வைத்தால் படிப்புக்கு ஒரு தடையும் இல்லையாம்.

அண்ணன் வீட்டுச் சுவரிலிருந்த உன் போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். பச்சைத் துணி கட்டிக்கொண்டு நிற்கிறாயே, அதுதான். இத்தனை நாள் அவளுக்கு அம்மா என்றால் நீ பேசி அனுப்பும் கேசட்தான். போட்டோவைக் கொடுத்ததும் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா இப்படியா இருப்பாங்க?" என்று கேட்டாள். ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

எப்போது வருகிறாய்?

உன்
ருக்கியா


ஜோஹன்னஸ்பர்க்
12 ஜூலை 1998

என் ருக்கியாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கொண்டுவருகிற அதே டிரைவரின் அடுத்த நடையில் நானும் வருகிறேன். இனி திரும்பிப் போவதாக இல்லை. சமையல் தெரிந்தவளுக்கு மங்கோச்சியில் அடுப்பா கிடைக்காது? அண்ணனிடமும் சொல்லிவிடு. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மகளைத் தோளில் தூக்கிப் போனவர் அவர்.

உனக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் போதவில்லை, அடித்துவிட்டேன். நேரில் வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறேன். இருமினாலும் விட மாட்டேன்.

ஒரே ஒரு உதவி செய். பஸ் ஸ்டாண்டுக்கு அவளை நீயே கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸிலிருந்து நிறையப் பெண்கள் இறங்குவார்கள். "அதோ அம்மா" என்று அவளிடம் சொல்லிவிடாதே. ஓடிவந்து என் பெட்டியை வாங்க வேண்டாம் என்று அண்ணனிடமும் சொல்லிவை. நானும் வாயைத் திறக்க மாட்டேன், திறந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். போட்டோவில் இருக்கும் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு வருகிறேன், அந்த உதவி போதும் அவளுக்கு. பஸ் பக்கத்தில் சும்மா நிற்கிறேன்.

எவ்வளவு நேரமானாலும் சரி. அவளே பார்த்து வரட்டும்.

உன்
ம்வாஜுமா