பேனரில் இருக்கும் முழங்கால்

ஐயம்பேட்டை,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள சந்தியாவுக்கு,

நதியா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். போட்டியைப் பற்றி உனக்கு எதுவும் தெரியக்கூடாது என்று உங்க அப்பாவும் எங்க அம்மாவும் சொல்லிவிட்டார்கள். நாளை தேவிப்ரியா மிஸ் உன்னைப் பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். நீ கேட்ட அறிவியல் புத்தகத்தை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இது அதற்குள் இருக்கும்.

உன் ரெக்கார்டு போய்விட்டது. புதன்கிழமை, மாவட்டப் பள்ளி சைக்கிள் போட்டியில், அதே பத்து கிலோமீட்டர். முறியடித்தது நான்தான். இரண்டு நொடி குறைவு.

எல்லோரும் கத்தினார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே இருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பயிற்சியில் எப்போதும் நீதான் முன்னால் போவாய். "ஏய் ஆமை, காத்த நான் வாங்கிக்கிறேன், நீ என் பின்சக்கரத்த மட்டும் பாத்துக்கினு வா" என்பாய். பைபாஸில் அந்த வேன் திரும்பியபோதும் நீதான் முன்னால் இருந்தாய். போட்டியில் ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். எனக்கு முன்னால் யாரும் இல்லை. நெஞ்சு முழுக்கக் காற்று. பாதியில் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. போட்டி நடத்துபவர்களின் வண்டிதான். பயத்தில் மிதித்தேன். கடைசி வரை அந்தப் பயத்தில்தான் மிதித்தேன். அதைத்தான் சாதனை என்கிறார்கள்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். 'ஐயம்பேட்டையின் மின்னல்' என்று போட்டு, கீழே என் பெயர். படத்தில் இருப்பது நீ. பேனர் கடை பஞ்சாட்சரம் அண்ணன் போன வருடப் படத்தை எடுத்துவிட்டார். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டால் யாருக்கு வித்தியாசம் தெரிகிறது? எங்க அப்பாவே, "எம்பொண்ணு எப்டி குனிஞ்சிக்கினு போவுது பாரு" என்று எல்லோருக்கும் காட்டுகிறார். ரயில்வே கேட்டில் நீ விழுந்த தழும்பு இடது முழங்காலில் அப்படியே இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

நேற்று உங்க அம்மா வேலூரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பேனர் முன்னால் நின்று, முந்தானையால் அந்த முழங்காலைத் துடைத்தார்கள். தூசி படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இது இப்டியே இருக்கட்டும்மா. மாத்தச் சொல்லாத" என்றார்கள். தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் உன் இடது காலை எடுத்துவிட்டார்கள் என்று மிஸ் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த மாதம் மாநிலப் போட்டி. சைக்கிளில் ஏறினால் பிரேக்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. ஹாரன் கேட்டால் காது அடைத்துப்போகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. போகவா, வேண்டாமா என்று உன்னிடம் கேட்கக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

எங்க அம்மா ஜெபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என் பெயரைச் சொல்கிறார். அங்கேயும் நீதான் முன்னால்.

கோபம் இருந்தால் இதைக் கிழித்துவிடு. நான் இனி சைக்கிளைத் தொட மாட்டேன். இல்லையென்றால், இந்தத் தாளின் பின்பக்கம் 'ஏய் ஆமை' என்று மட்டும் எழுதி மிஸ்ஸிடம் கொடு. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடுவேன்.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் பின்னாலேயே வரும்,
நதியா