தம்பிக்குப் பெரிதாகிப்போன கிரீடம்

நவம்பர் 9, ஞாயிறு

உறைமழை. வாசல் படியெல்லாம் கண்ணாடி. உப்புப் போட வேண்டும்.

ஆஸ்பத்திரி. தம்பிக்கு மருந்தை நிறுத்தியாயிற்று. இனி வலிக்கு மட்டும்தானாம். இரத்தப் புற்றுநோய். வயது இருபத்து மூன்று. எழுதும்போது வேறு யாருக்கோ வந்த வருத்தம் போல இருக்கிறது.

கொண்டுபோனவை: சூப், அம்மா தந்த சாமிப் படம், காலுறை இரண்டு சோடி. சூப் இரண்டு கரண்டிதான் இறங்கியது.

அப்பா வெளியே போனதும் கதைத்தான். "அக்கா, அந்தக் கிரீடத்தை மட்டும் எனக்குப் போட விடாதேங்கோ."

ஓம் என்றேன். சத்தியம் கேட்டான். கையில் அடித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நித்திரை இல்லை. கிரீடத்தைப் பற்றியே யோசனை.

வன்னியில் ஒரு துண்டு நிலத்தை எங்கள் முன்னோர் ஆண்டார்களாம். ஆதாரம் ஒரு வம்ச அட்டவணை, அதுவும் அப்பாவின் கையெழுத்தில். தம்பிக்குப் பதினெட்டு ஆனபோது மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டில் மண்டபம் எடுத்து, மணவறை சோடிப்பவரிடம் வாங்கிய கிரீடத்தை வைத்து அப்பா இளவரசுப் பட்டம் கட்டினார். தம்பி அதோடேயே குசினிக்குள் நின்று ரோல்ஸ் சாப்பிட்டான். மறுநாள் கராஜில் டயர் மாற்றப் போனான்.

கராஜில் ராஜா என்று கேலி. அதைத் தாங்கினான். நாலு பேருக்கு முன்னால் அப்பா அவனைக் கண்டு எழும்பி நிற்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை அவனால்.

நவம்பர் 13, வியாழன்

விடிய ஆறு பத்து. போய்விட்டான்.

நான் மெட்ரோவில் இருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

பட்டு வேட்டி. பூமாலை. ஐயருக்கு போன். என் மகனைப் பகலில் பார்க்கும் கார்டெரிக்குச் சொல்ல வேண்டும், இரண்டு நாள் வரமாட்டான் என்று.

மரண அறிவித்தல் எழுதுவது என் பொறுப்பு. "மொன்றியலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட..." பெயருக்கு முன்னால் அப்பா "இளவரசர்" என்று சேர்த்தார். அழித்தேன். திரும்ப எழுதினார். மூன்று தரம். கடைசியில் அப்படியே போய்விட்டது.

கராஜ் முதலாளி வந்து அரை மணித்தியாலம் கூட இருந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் பனி.

கல்யாணம் ஆகாத பிள்ளையை மாப்பிள்ளைக் கோலத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றார் பெரியம்மா. அதுவே சாக்கு. அப்பா பையைத் திறந்தார்.

கிரீடம் நிற்கவில்லை. நோயில் முடியும் சதையும் போய்த் தலை அப்படிச் சிறுத்துப்போயிருந்தது. கிரீடம் இறங்கிக் கண்ணை மூடியது. அப்பா டிஷ்யூ மடித்து உள்ளே செருகினார். அப்போதும் சரிந்தது.

"பிள்ளை, தலையைக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

பெட்டி மூடும் முன் அப்பா அதைக் கழற்றிவிட்டார். வம்சச் சொத்தாம், எரிக்கக் கூடாதாம். டிஷ்யூவை எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

எரியூட்டும் பொத்தானை அழுத்தியதும் அவர்தான்.

நவம்பர் 20, வியாழன்

எட்டாம் நாள், எட்டுச் செலவு. தம்பிக்குப் பிடித்த மீன் பொரியல், கணவாய், முட்டை. படத்துக்கு முன்னால் படைத்தோம். ஒரு வாய் இறங்கவில்லை எனக்கு.

எல்லாரும் போன பிறகு அப்பா கிரீடத்தை மேசையில் வைத்தார். கூடவே ஒரு நூல் துண்டு. இனி ஆண் வாரிசு என் மகன்தானாம். நாலு வயது. தலையளவு எடுத்துக் கொடுத்தால் சின்னதாக்கித் தருவார்களாம்.

சொன்னேன், பிந்திப்போய். "தம்பி இது வேண்டாமெண்டு சொன்னவன் அப்பா. என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்."

நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "தெரியும் பிள்ளை. என்னட்டையும் சொன்னவன்."

பிறகு மணியைப் பார்த்தார். கார்டெரி விடும் நேரம், பேரனைத் தானே கூட்டி வருவதாகச் சொல்லிக் கோட்டை மாட்டினார்.

கதவை மறித்து நின்றேன். உங்களிட்ட இருக்கிற எங்கள் வீட்டுத் திறப்பைத் தாங்கோ என்றேன். சாவிக்கொத்தில் இருந்து கழற்றித் தந்தார்.

மகனை நானே போய்க் கூட்டி வந்தேன்.