தொழுவத்தில் நின்ற படகுக் கார்

18-4-1965

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இந்த டைரி அண்ணனுக்கு வந்தது. மதுரையில் ஏதோ மோட்டார் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்தார்களாம். நாலு மாதமாக அலமாரியில் வெறுமனே கிடந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்பதுதான் எனக்கு வராது.

பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பரீட்சை முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து வந்தாயிற்று. அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்தாள். நான் காக்கை விரட்டினேன். பி.ஏ. எழுதிய கை.

மத்தியானம் அப்பா யாரிடமோ வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “வடிவு அடுத்து டீச்சருக்குப் பி.டி. படிக்கப் போறா. மேலவயல வித்தாலும் சரி, படிக்க வச்சிருவேன்.” நான் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டாம் முறை சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.

2-5-1965

தரகர் பிச்சைமணி வந்திருந்தார். குற்றாலத்தில் பங்களா வைத்திருக்கும் தேயிலை எஸ்டேட் முதலாளி ஒருவர் வெளிநாட்டுக்கே போய்விடப் போகிறாராம். காரை விற்கிறார். அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர். மேல்கூரை துணி. பொத்தானை அமுக்கினால் தானே மடங்கிப் பின்னால் போய்விடுமாம்.

“மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட இதவிட வேற என்ன வேணும் அண்ணாச்சி? மாப்பிள்ளை நின்னுக்கிட்டே வரலாம். சீசனுக்கு ஐந்தருவி டிரிப்பு. நாலு வருஷம் ஓட்டிட்டு வித்தாலும் போட்டதுக்கு மேல வரும்.”

அண்ணன் தில்லைநாயகம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். நான் பாஸாகப் பாஸாக அவன் சாப்பாட்டு நேரத்தில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. இன்று பேசினான். “எப்பா, நம்ம தெரு டாக்டரு அம்பாசடர மூணு வருஷம் ஓட்டிட்டு, வாங்குனதவிட கூடுதலுக்குத்தான வித்தாரு? கார் விலை எறங்கி எங்கயாவது பாத்திருக்கியளா?”

அப்பா பார்த்ததில்லை. தென்காசியில் யாருமே பார்த்ததில்லை.

9-5-1965

குற்றாலம் போய்க் காரைப் பார்த்தோம். இங்கிலீஷ் காகிதங்களைப் படிக்க என்னையும் கூட்டிப்போனார்கள். வாழைக்குருத்து நிறம். பின்பக்கம் இரண்டு மீன் வால்கள். ஸ்டியரிங் இடது பக்கம். அண்ணன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். அந்தச் சத்தத்தில் பங்களா மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி ஓடின. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அதற்காகவாவது கார் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

டிக்கியில் அமெரிக்க மோட்டார் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன. “பாப்பா படிக்கட்டும்” என்று கொடுத்துவிட்டார்கள்.

11-5-1965

இரண்டு நாளாக அதையே படிக்கிறேன். இந்த வருஷத்துப் புதுக் கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, ஏழு எண்ணுவதற்குள் அறுபது மைல் வேகமாம். எதற்கு அவ்வளவு அவசரம் என்று எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை. அங்கே ஒவ்வொரு வருஷமும் புது மாடல் வருகிறது. வந்த அன்றே போன வருஷத்துக் கார் கிழமாகிவிடுகிறது. கடைசிப் பக்கங்களில் பழைய கார்களின் விலை, வருஷவாரியாக. நம் காரின் வருஷத்துக்கு எதிரே இருந்த அற்பத் தொகையைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தேன். வேறு இதழிலும் அதேதான்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று வாக்கியம் பேசினேன். எனக்கு அது அதிகம்.

“அது அமெரிக்காவுலட்டி. அங்கன வீட்டுக்கு ரெண்டு கார் நிக்கும், பழச எவன் வாங்குவான்? இங்கன அப்படியா?”

“காலேஜ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளா?” என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

20-5-1965

மேலவயல் கிரயமாகிவிட்டது.

24-5-1965

கார் வந்துவிட்டது. நிறுத்த இடமில்லை. தொழுவத்தை ஒழித்து, பசுவை முருங்கை மரத்தடியில் கட்டியிருக்கிறது. தெருப் பிள்ளைகள் ‘படகு, படகு’ என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒனக்கு வச்சிருந்ததத்தான் எடுத்திருக்கேன். ஆவணி முகூர்த்தத்துலயே பாதி திரும்பிரும். இந்த வருஷம் சும்மா இரேன். அடுத்த வருஷம் பி.டி. எங்க ஓடிரப் போவுது?”

சரிப்பா என்றேன்.

நான் பி.ஏ. படிக்கவும் இவர்தான் கீழவயலை விற்றார். சித்தப்பாக்கள் அத்தனை பேரும் ஏசினார்கள், இவர் அசையவில்லை. அப்படிப்பட்டவரிடம் என்னவென்று சொல்வது.

17-6-1965

பாஸ். இரண்டாம் வகுப்பு.

சீசன் தொடங்கிவிட்டது. நல்ல சாரல். குற்றாலத்துக்கு ஆட்கள் வருவதே சாரலுக்காகத்தான். அந்தச் சாரலில் துணிக்கூரை ஒழுகுகிறது. பாதி மடங்கி நின்றுகொள்கிறது, மேலேயும் வராது, கீழேயும் போகாது. மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஐந்தருவிக்குப் போய்ச் சேருமுன்பே குளித்துவிட்டதாம். அருவிக்கு முன்னால் இறங்கி, “வாடகையில இதுக்கும் சேத்தா வாங்குதீய?” என்று கேட்டார்களாம். அண்ணன் சொல்லவில்லை, அப்பாதான் அம்மாவிடம் சொன்னார்.

அப்பா எல்லா டிரிப்புக்கும் கூடப் போகிறார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் முன்னால் போகும் வண்டியைத் தாண்ட அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலது பக்கம் அப்பா உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, “வா... வா... பொறு! லாரி!” தெரியாதவர்கள் அப்பாதான் ஓட்டுகிறார் என்று நினைக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

3-7-1965

காலேஜ் திறந்திருப்பார்கள். என்னோடு படித்த நீலா பி.டி. சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். பதில் எழுத வேண்டும். கார் வாங்கியிருக்கிறோம் என்று எழுதலாம்.

30-8-1965

எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. முதல் பெரிய கல்யாணம். கோயில் வாசலிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் ஊர்வலம். கூரையை மடக்கி, காருக்குப் பூச்சட்டை போட்ட மாதிரி மல்லிகைச் சரம். மாப்பிள்ளை கோட்டு, சூட்டு, மாலையோடு பின்சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் தெரு ஓரத்தில் நின்றோம். உண்மையைச் சொன்னால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாதஸ்வரக்காரர் தெரு முக்கில் நின்று ராகம் வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் தலையாட்டியது. நாதஸ்வரம் நகராமல் கார் நகரக் கூடாது. அண்ணன் எஞ்சினை அணைக்கவும் பயந்தான். அணைத்தால் திரும்பக் கிளம்புவது சந்தேகம். ராகம் நீண்டுகொண்டே போனது. பானட்டுக்கு அடியிலிருந்து முதலில் இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஆவி. அப்புறம் தவில்காரர் குதித்து ஓடினார்.

“ஏலே, எல்லாரும் தள்ளுங்கலே! மாப்பிள்ளையையும் சேத்துத் தள்ளுங்க!” பெண்ணுக்குத் தாய்மாமன் கத்த, தெருவே சிரித்தது. மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். அண்ணன் ஸ்டியரிங்கை விடவேயில்லை. தலை குனிந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பார்க்க வந்த மெக்கானிக் மசூது பாய் சொன்னார்: “வண்டியில கோளாறே இல்ல பிள்ளைவாள். இது ஓடப் பொறந்தது. ஓடுனா சூடாகாது, நிப்பாட்டி வச்சா கொதிக்கும். நீங்க இத நாயனத்துக்குப் பின்னால நடக்க விடுதிய.”

எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

10-9-1965

பாகிஸ்தானோடு யுத்தம். இரண்டு கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. கார் தொழுவத்தில். பசு மழையில்.

14-2-1966

பாவூர்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலி என்று கேள்விப்பட்டு அம்மாவுடன் போனேன். பஸ்ஸில் கால் வைக்கவிடாமல் கத்தரிக்காய் மூட்டைகள். பெரிய டீச்சர் என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பி.ஏ. சரிம்மா. பி.டி. எங்க?”

அடுத்த வருஷம் என்றேன். “எல்லாரும் அதான் சொல்லுதாவ” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மா காரைப் பார்த்து, “சவம்” என்றாள். அவ்வளவுதான்.

6-3-1966

விற்கப் போகிறார்கள். பிச்சைமணி இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு காலன் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். அண்ணன் பொய் சொன்னான். அந்தப் பொய்யைக் கேட்டே அவர் போய்விட்டார். மற்றவர் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்றார். இறக்குமதியே இல்லையே, எங்கே கிடைக்கும்?

அப்பா இன்று முதல் தடவையாக என்னைக் கேட்டார். “ஏட்டி வடிவு, டாக்டர் காருக்கு மட்டும் விலை ஏறுச்சே, இதுக்கு ஏன் எறங்குது?”

சொன்னேன். அம்பாசடர் கேட்டுப் பதிந்துவிட்டு ஆயிரக்கணக்கான பேர் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்க முடியாதவர்கள் பழசைக் கூடுதல் கொடுத்து வாங்குகிறார்கள். நம் காருக்காக யாரும் காத்திருக்கவில்லை. காரில் ஒன்றுமில்லை அப்பா, காத்திருப்பவர்களால்தான் விலை என்றேன்.

“ஆயிரக்கணக்கான பேரா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லாட்டி” என்றார்.

8-6-1966

ரூபாய் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். “வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் விலை ஏறுமாம்! அப்ப நம்ம காருக்கும் ஏறணும்லா?” அவன் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. இருக்கும் என்றேன். ஒரு வருஷத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டான்.

பி.டி. விண்ணப்பம் நீலா அனுப்பியிருக்கிறாள். பூர்த்தி செய்துவிட்டேன். அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. அவராகக் கேட்பார்.

15-6-1966

கார் போய்விட்டது. வாங்கியவர் ஐந்தருவியில் போட்டோக் கடை போட்டிருக்கும் சுடலையாண்டி. கடை முன்னால் நிறுத்தி, சீசனுக்கு வருபவர்களை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுப்பாராம்.

“எஞ்சினு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, அத நீங்களே வச்சிக்கிடுங்க. ஓடாட்டித்தான் நல்லது. எவனும் ஓட்டிட்டுப் போயிர மாட்டாம்லா.”

மசூது பாய் எஞ்சினைக் கழற்றி இறக்கினார். கூட்டைக் கயிறு கட்டி லாரி இழுத்துப் போனது. அண்ணன் அதில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு போனான். வலது பக்கம் யாரும் இல்லை. பசுவைத் தொழுவத்துக்குள் கட்டினோம். எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போய் மூலையில் நின்றது.

வந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு வருஷ பி.டி.க்குப் போதும். அது அப்பாவுக்கும் தெரியும். அவராகக் கேட்பார். இன்றோ நாளையோ.

18-6-1966

கேட்டார்.

மதுரைக்குப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து என் முன்னால் விரித்தார். அம்பாசடர் கார் பதிவுக்கான விண்ணப்பம்.

“நீ சொன்னது நெசம்தான் வடிவு. விசாரிச்சிட்டேன். இப்பப் பதிஞ்சா அஞ்சாறு வருஷத்துல வரும். வாங்குத அன்னைக்கே ரெட்டை விலை. ஒம் பேர்லதான் போடுதேன். அதுக்குள்ள ஒனக்கும் ஒரு எடம் அமைஞ்சிரும். பொண்ணோட காரும் வருதுன்னா மாப்பிள்ளை வீட்டான் வாயத் தொறப்பானா? நீ படிச்ச படிப்புதாம்ட்டி வழி காட்டிச்சி.”

நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒருவர் முழுசாகக் கேட்டு, அதன்படி நடந்து, என் பணத்தையே—

நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்பா பேனாவை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்திருக்கிறார்.

19-6-1966

அண்ணன் குற்றாலத்திலிருந்து வந்தான். காரில் ஒரு புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்களாம், பின்னால் அருவி தெரிகிற மாதிரி. “நல்லாத்தான் இருக்கு” என்றான். அழுதான்.

20-6-1966

பி.டி. விண்ணப்பம் போய்ச்சேரக் கடைசி நாள் நாளை மறுநாள்.

பேனா அதே இடத்தில் இருக்கிறது. மூடி கழற்றவில்லை. அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அண்ணன் முதலில், “நன்றி கெட்டவ” என்று கத்தினான், அப்புறம் தொழுவத்தில் போய் அந்த எஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டான். சற்று முன் வந்து, “காலைல ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அம்மா பரண்மேலிருந்து என் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துவைத்திருக்கிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் இத்தனை பேரைக் கலங்கவைக்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நானாக எதையும் கேட்டதில்லை என்பதால் பெரிதாகக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. காலையில் அப்பா பேனாவை நீட்டினார். வாங்கிக்கொள்ளாமல் நின்றேன். கேட்டது இவ்வளவுதான்:

“கார் வேண்டாம்ப்பா. என்னய எதோடயும் சேத்துக் குடுத்துராதிய. தனியா அனுப்புங்க. பாளையங்கோட்டைக்கு, பஸ்ஸுல.”