ஒரு நாற்காலிப் புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே தலைமை நூலகர் என் மேசைக்கு வந்து நின்றார். வாசலில் புதிதாக வைத்த பெரிய தொடுதிரையைத் துணைவேந்தரே நின்று பார்த்தாராம். மின்னூல் பிரிவு என் பொறுப்பு என்பதால், பாராட்டி முடித்த கையோடு ஒரு புகாரையும் என்னிடம் நீட்டினார். மருந்தளவுக் கணக்கு மின்னூல் ஒரு வாரமாகத் திறக்கவில்லை என்று செவிலியர் துறை மாணவிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எப்படித் திறக்கும்? அது ஒரு நாற்காலிப் புத்தகம். எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கலாம் என்று உரிமம். அவர் வெளியே வரும்வரை மற்றவர்களுக்குப் 'பயன்பாட்டில் உள்ளது' என்றே காட்டும். உட்கார்ந்த புண்ணியவான் எழுந்திருக்கவே இல்லை போலிருக்கிறது.

யாராக இருக்கும்?

மார்ச் 5, புதன்

வீட்டிலும் அதே பஞ்சாயத்து. என் நாத்தனார் — அவருடைய தங்கை — பார்த்த வேலையை விட்டுவிட்டு முப்பத்தெட்டு வயதில் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே செவிலியர் படிப்பில் சேர்ந்தவள். எங்களோடுதான் இருக்கிறாள். இந்தத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றாகிவிட்டது. பதினேழாம் தேதி மறுபடி தேர்வு. இதிலும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வகுப்பில் எல்லாம் சின்னப் பெண்கள். இவள் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

"அண்ணி, நீங்க நெனச்சா ஒரு நிமிஷ வேல. முழுசா எறக்கி ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்களேன்."

"பதிப்பகத்துக்காரங்க போட்ட பூட்ட ஒடச்சாத்தான் எறக்க முடியும். ஒடைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டவளே நான்தான்."

"கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறேன் பாருங்க."

அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

பதிப்பகக் கம்பெனியின் விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். காகிதமே இல்லாத புத்தகத்துக்கு எதற்கு ஐயா வரிசை என்று கேட்டேன்.

"மேடம், அச்சுப் புத்தகம்னா ரெண்டு வருஷத்துல கிழியும். நீங்க திரும்ப வாங்குவீங்க. இது கிழியாதே?"

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆச்சரியம். கிழியாமல் இருப்பதும் ஒரு குற்றம், அதற்கு ஒரு நாற்காலி தண்டனை! புத்தகத்தைக் காகிதத்தில் அச்சிடுவதையும் அவர்கள் நிறுத்தியாகிவிட்டது. எங்கள் அலமாரியில் இருப்பது பழைய பதிப்பு. அதன் மருந்தளவுகளை நம்பி ஊசி போட்டால் ஆள் போய்விடும். கூடுதல் நாற்காலி கேட்டதற்கு, "அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துல பேசலாம் மேடம்." தேர்வு பதினேழாம் தேதி.

பயன்பாட்டு அறிக்கை மட்டும் அனுப்பினார். நூலகத்துக்குள்ளிருந்துதான் யாரோ படிக்கிறார். நாங்கள் கதவு திறக்கும்போது தொடங்கி, பூட்டும்போது முடிக்கிறார். நிமிடத்துக்கு ஒரு பக்கம், சலிக்காமல். சாப்பிடக்கூட எழுந்து போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

படிப்பகத்தை மூன்று முறை சுற்றி வந்தேன். சாப்பிடாத முகம் ஒன்றையும் காணோம்.

மார்ச் 10, திங்கள்

"எந்த மெஷின்னு கம்ப்யூட்டர் ரூம்ல கேட்டு ஆளப் பிடிங்க" என்கிறார் தலைமை நூலகர். மறுத்துவிட்டேன். யார் என்ன படிக்கிறார் என்று நூலகம் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்க எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, அது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஆளைப் பிடித்தும் போய்விட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஊன்றிப் படிக்க யாரால் முடிகிறது? இரவல் கண்ணாடி, கிழிந்த பை, வீட்டில் ஏதோ கஷ்டம் — இல்லாத கதையெல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் "எழுந்து போகும்போது மின்னூலிலிருந்து வெளியேறவும்" என்று பொதுவாக ஓர் அறிவிப்பு ஒட்டலாம். ஒட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். நான் எங்கே கண்டுபிடித்தேன், நாத்தனார் கண்டுபிடித்தாள்.

மதியம் வாசல் பக்கம் போனால், தொடுதிரை முன்னால் அவள். பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, விரலால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி! இங்க தொறக்குது! காலையிலேர்ந்து நின்னு படிக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா?"

'இந்த மாத நூல்' என்று வெறும் அட்டையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள், புத்தகமே திறந்து நிமிடத்துக்கு ஒரு பக்கமாகப் புரளட்டும் என்று கணினிக்காரரிடம் சொன்னதே நான்தான். உரிமத்தின் கண்ணுக்குத் திரையும் ஒரு வாசகர். இருந்த ஒரே நாற்காலியில் எங்கள் விளம்பரத்தையே உட்கார வைத்துவிட்டு, வளாகம் முழுக்க ஆள் தேடியிருக்கிறேன். என் சாப்பிடாத வாசகர், பாவம், ஒரு கண்ணாடிப் பலகை!

சிரிப்பு வந்தது. திரையை அணைக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. திங்கக்கிழம வரைக்கும் விடுங்க. நான் இங்கயே நின்னு படிச்சுக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தப் பொண்ணுங்களுக்கும் அன்னிக்குத்தானே பரீட்சை?"

"அவங்களுக்கு இது மொதல் தடவ. எனக்குக் கடைசி."

இன்னொரு கையால் திரையை அணைத்தேன். வேலி பயிரை மேய்ந்தது போதாதென்று, வேலிக்காரி தன் வீட்டு ஆட்டை மட்டும் உள்ளே விடுவதா? அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் நான் இப்போது மேடம். "மேடம், உப்ப இப்படித் தள்ளுங்க." "மேடம், குளிச்சுட்டீங்களா?"

"நாலு நாள்தானே, கண்டுக்காம விட்டிருக்கக் கூடாதா?" என்றார் இவர்.

சரி, நாற்காலி காலியானதால் யாருக்கு லாபம்? இன்று நூலகம் திறந்த உடனேயே ஒரு பெண் அந்த மின்னூலுக்குள் போய் உட்கார்ந்தாள், மற்ற பன்னிரண்டு பேருக்கும் மறுபடி 'பயன்பாட்டில் உள்ளது'. என்ன பண்ணித் தொலச்சேன் நான்? இவளுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. பெரிய நியாயவாதி! குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 15, சனி

இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

படிப்பகத்தின் நீள மேசையைச் சுற்றி அந்த வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நின்றுகொண்டு என் நாத்தனார் அதட்டுகிறாள். "உள்ள போ, உன் முப்பது பக்கத்த பிரிண்ட் எடு, வெளிய வா. உக்காந்து படிக்கறதெல்லாம் இங்க வந்து. அடுத்து யாரு?"

ஒருவர் முப்பது பக்கம் வரை அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அந்த நூலின் முகப்பிலேயே பொடி எழுத்தில் இருக்கும். வாசலில் நின்று படித்தபோது அதையும் படித்திருக்கிறாள். புத்தகம் முந்நூற்று எண்பது பக்கம், அவர்கள் பதின்மூன்று பேர். நேற்று நாற்காலியைப் பிடித்த பெண்ணின் முன்னால் போய் நின்று, இவளாகவே பேச்சைத் தொடங்கினாளாம்.

தலைமை நூலகர் என்னிடம் ஓடி வந்தார். "இது சரிதானா? நாளைக்கு மாட்டிக்குவோமே!"

ஒப்பந்தத்தை எடுத்து உட்கார்ந்தேன். தப்பு என்று இருந்தால் நானே போய் நிறுத்த வேண்டும். அவளை இரண்டாம் முறையும் நானே. அந்தப் பதினொரு பக்கத்தையும் அவ்வளவு பயத்தோடு நான் படித்ததில்லை. ஏழாம் பக்கத்தில் இருந்தது: பயனர்கள் அச்சிட்ட பகுதிகளைப் படிப்புக்காகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். மறு நகல் எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது.

"சரிதான் சார்" என்றேன். ஏழாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

தேர்வுக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வேலை முடிந்து வந்தால் வாசல் நிறையச் செருப்பு. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பன்னிரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் சமையலறையில் டம்ளர் போதாமல் கிண்ணங்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "பாஸாயிட்டா" என்றார். கண் கலங்கியிருந்தது. அத்தனை பேரும் தேறிவிட்டார்களாம்.

"அக்கா, உங்க அண்ணியா இவங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கறப்ப என்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்தினவங்க." என்னைப் பார்த்தாள். "இப்பவும் சொல்றேன் அண்ணி, நீங்க விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்தான்" என்றேன்.

"சரி, உக்காருங்க. அடுத்த தேர்வுக்கு ஒரே ஆள் புக்கு எத்தன இருக்கு? இப்பவே சொல்லிடுங்க."

நான்கு என்றேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் யாருக்கு எந்த அத்தியாயம் என்று அவள் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். அத்தனை பெண்களின் சத்தத்துக்கும் மேலே அவள் குரல்தான் கேட்டது.